இதயத்தின் கதவுகள்

கொல்லன் உலைக்களத்தில் துருத்தி ஊதுவதைப் பார்த்தவர் பலர்; அத்துருத்தியில் பொருத்தப்பட்டுள்ள சிறிய தோல் மடலைக் கண்டவர் சிலரே. துருத்தி விரியும்போது அம்மடல் திறந்து காற்றை உள்ளே விடும். துருத்தியை அழுத்தும்போது மூடிக்கொண்டு, புகுந்த காற்று வந்த வழியே திரும்பாதவாறு தடுக்கும். அதனாலேயே காற்று முழுவதும் குழல் வழியாகச் சென்று நெருப்பை அடைகின்றது. மடல் கிழிந்துவிட்டால் காற்றில் ஒரு பகுதி பின்னோக்கிக் கசியும். மடல் விறைத்துவிட்டால் காற்று உள்ளே புகுவதற்கே இடர்ப்படும். அப்போது துருத்தி ஊதுபவன் அதே வேலைக்கு இருமடங்கு உழைக்க வேண்டியவனாவான். மனிதரின் இதயத்திலும் இத்தகைய மடல்கள் உண்டு. அவற்றை வால்வுகள் என்பர்.

இதயம் நான்கு அறைகளை உடையது. மேலறைகள் இரண்டும் இரத்தத்தை ஏற்கின்றன. கீழறைகள் இரண்டும் அதனை வெளியே செலுத்துகின்றன. மேலறைக்கும் கீழறைக்கும் இடையே வலப்புறத்தில் மூவிதழ் வால்வும் இடப்புறத்தில் ஈரிதழ் வால்வும் அமைந்துள்ளன. வலக் கீழறையிலிருந்து நுரையீரலுக்கு இரத்தம் செல்லும் வாயிலில் ஒரு வால்வும், இடக் கீழறையிலிருந்து உடல் முழுவதற்கும் இரத்தம் புறப்படும் பெருந்தமனியின் வாயிலில் மற்றொரு வால்வும் உள. மெல்லிய சவ்வாலாகிய இக்கதவுகள், நிமிடத்திற்கு 72 துடிப்பு என்று கொண்டால், ஒரு நாளில் 1,03,680 முறை திறந்து மூடுகின்றன. நிமிடந்தோறும் ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தம் அவற்றைக் கடந்து செல்கின்றது. மனிதர் செய்த எந்தக் கதவு இவ்வாறு ஓய்வின்றி எழுபது எண்பது ஆண்டுகள் உழைக்கும்?

இக்கதவுகளுள் ஒன்று சிலரிடத்தில் சிறிது குறையுடையதாக இருக்கும். குறை பெரிதாயின் மூச்சு வாங்கும், கால் வீங்கும், நடக்கவும் இயலாமற் போகும். குறை சிறிதாயின் இதயம் அதனைத் தாங்கிக்கொண்டு பல்லாண்டுகள் அமைதியாகத் தொழிற்படும். உடையவர்க்கே அது தெரியாது. மருத்துவர் செவிக்கு மட்டுமே அது புலனாகும்.

அச்செவிக்குத் துணையான கருவியைக் கண்டவர் லென்னெக் என்னும் பிரெஞ்சு மருத்துவர். 1816ஆம் ஆண்டில் பாரிசு நகரில், ஓர் இளம்பெண்ணின் மார்பில் காதை வைத்துக் கேட்பதற்குக் கூசிய அவர், தாளைக் குழலாகச் சுருட்டி ஒரு முனையை அவள் மார்பிலும் மறு முனையைத் தம் காதிலும் வைத்தார். நேரே காது வைத்துக் கேட்பதினும் தெளிவாக ஒலி கேட்டது. தாட்குழல் பின்னர் மரக்குழலாயிற்று. காலப்போக்கில் இன்று மருத்துவர் கழுத்தில் தொங்கும் ஸ்டெதாஸ்கோப்பு ஆயிற்று. நலமுள்ள இதயத்தில் ‘லப்’, ‘டப்’ என இரண்டு ஒலிகள் மாறி மாறிக் கேட்கும். அவை கதவுகள் மூடும் ஒலிகள். இரத்தம் குறுகிய வாயிலில் நெருக்குண்டு பாயும்போதும், மூடாத இடைவெளியில் பின்னோக்கிக் கசியும்போதும் அவ்விரண்டுக்கும் இடையே காற்று வீசுவதுபோல் ஓர் ஒலி எழும். அதனை முணுமுணுப்பு என்பர்.

கருவி ஒரு நன்மையைத் தந்தது. அதனுடன் ஓர் அச்சத்தையும் தந்தது. முணுமுணுப்பு கேட்டவுடனே, “இவர் இதய நோயாளி” என்று முடிவு செய்யும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பரவிற்று. நன்கு ஓடியாடித் திரிந்த சிறுவர் பலர் படுக்கையில் கிடத்தப்பட்டனர். உழைத்துப் பிழைத்தவர் வேலையை இழந்தனர். குறை இதயத்தில் சிறிதாயிருக்க, தீர்ப்பு வாழ்நாள் முழுவதற்கும் வழங்கப்பட்டது.

இத்தீர்ப்பு முறையானதுதானா என்று பொறுமையுடன் ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் ஜேம்சு மெக்கன்சி. ஸ்காத்துலாந்தில் 1853ஆம் ஆண்டில் பிறந்த இவர், எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று, 1879ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பர்ன்லி என்னும் ஊரில் மருத்துவராக அமர்ந்தார். பர்ன்லி நெசவாலைகள் நிறைந்த ஊர். அங்கே அவரிடம் வந்தவர்கள் பெரும்பாலும் ஆலைத் தொழிலாளரும் அவர்தம் குடும்பத்தாரும் ஆவர். பணி தொடங்கிய காலத்தில், அவர் கண்காணிப்பில் இருந்த இளம்பெண் ஒருத்தி, இதய நோயின் காரணமாகப் பிள்ளைப்பேற்றின்போது இறந்தாள். அவ்விறப்பு அவர் உள்ளத்தை விட்டு நீங்கவில்லை. எந்த இதயம் தாங்கும், எந்த இதயம் தாங்காது என்பதை முன்னரே அறிய வழியில்லையா என்று அவர் நூல்களைப் புரட்டினார். விடை கிடைக்கவில்லை.

அதனால் அவர் தம் நோயாளிகளையே நூலாகக் கொண்டார். பெருநகர மருத்துவமனையில் பணிபுரிபவர் ஒரு நோயாளியைச் சில நாள் பார்ப்பார். பின்னர் அவர் எங்குச் சென்றார், எவ்வாறு வாழ்ந்தார் என்பதை அறியார். ஊர் மருத்துவருக்கோ அந்த வாய்ப்பு உண்டு. இன்று முணுமுணுப்புக் கேட்ட சிறுவன், பத்தாண்டு கழித்து ஆலையில் வேலை செய்யும் இளைஞனாகவும், இருபதாண்டு கழித்துப் பிள்ளைகளின் தந்தையாகவும் அவர் முன்னே வந்து நிற்பான். மெக்கன்சி கால் நூற்றாண்டுக்கு மேலாகக் குறிப்பெடுத்தார். நாடித் துடிப்பைத் தாளில் வரையும் கருவி ஒன்றையும் தாமே அமைத்தார். அவர் கண்ட உண்மை எளியது. முணுமுணுப்புடன் பலர் நெடுங்காலம் நலமாக வாழ்ந்தனர். இதயத்தின் நிலையை உரைப்பது ஒலி மட்டும் அன்று. அவ்விதயம் எவ்வளவு உழைப்பைத் தளர்ச்சியின்றித் தாங்குகின்றது என்பதே. 1907ஆம் ஆண்டில் அவர் இலண்டனுக்குச் சென்றார். அடுத்த ஆண்டில் இதய நோய்களைப் பற்றிய அவரது பெருநூல் வெளிவந்தது. ஊர் மருத்துவர் ஒருவரின் பொறுமையைப் பெரிய மருத்துவ அறிஞர்களும் போற்ற வேண்டியதாயிற்று.

வால்வுக் குறை இரு வழிகளில் வரும். ஒன்று பிறவியிலேயே அமைவது. பெருந்தமனியின் வாயிலில் உள்ள வால்வு மூன்று இதழ்களைக் கொண்டிருத்தல் இயல்பு. நூறு பேரில் ஒருவர் அல்லது இருவர்க்கு அது இரண்டு இதழ்களுடனே அமைந்துவிடுகின்றது. அவர்களுள் பெரும்பாலோர் இளமையில் யாதொரு தொல்லையும் உணரார். நடுவயதிற்குப் பின்னரே அவ்விதழ்கள் சுண்ணாம்புப் படிந்து தடித்துக் குறுகவோ, சரிவர மூடாமல் கசியவோ தொடங்கும். உடற்கட்டுப் போட்டிகளில் உலகப் புகழ் பெற்றுப் பின் கலிபோர்னியா மாநிலத்தின் ஆளுநராகவும் விளங்கிய ஆர்னால்டு சுவார்செனேகர் இவ்வாறு இரண்டு இதழ்களுடன் பிறந்தவரே. 1947ஆம் ஆண்டில் பிறந்த அவர், வால்வை மாற்றும் அறுவை மருத்துவத்தை 1997ஆம் ஆண்டிலேயே செய்துகொண்டார். இதனைக் கேட்டு, குறையுடையார் யாவரும் இரும்புக் குண்டுகளைத் தூக்கலாம் என்று எண்ணிவிடலாகாது. பெருந்தமனி விரிந்திருப்பவர்க்கு மூச்சடக்கிப் பெருஞ்சுமை தூக்குதல் தீங்கு பயக்கும். யார்க்கு எது பொருந்தும் என்பதை மருத்துவரே கூறவல்லார்.

மற்றொரு வழி, இந்தியா போன்ற நாடுகளில் ஏழை எளியவர் வீடுகளில் இன்றும் நுழைவது. 5 வயது முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குச் சிலவகை நுண்ணுயிர்களால் தொண்டைப்புண் உண்டாகும். அது ஆறிய இரண்டு மூன்று வாரங்களில், சிலருக்கு மூட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வீங்கிக் காய்ச்சல் வரும். இதனை ருமாட்டிக் காய்ச்சல் என்பர். மூட்டு வலி தழும்பின்றி மறைந்துவிடும். தழும்பு விழுவது இதயத்தின் வால்வில். அதிலும் ஈரிதழ் வால்வே பெரிதும் தாக்கப்படும். காய்ச்சல் திரும்பத் திரும்ப வருமாயின் தழும்பும் பெருகும். மூன்று அல்லது நான்கு வாரத்திற்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போட்டுக்கொண்டால் காய்ச்சல் மீள்வதைத் தடுக்கலாம். ஆனால் இதனைப் பல ஆண்டுகள் தொடர வேண்டும். துன்பம் இங்கேதான் தொடங்குகின்றது. பிள்ளை நலமாக ஓடுகின்றான்; ஊசியோ வலிக்கின்றது; மருத்துவமனைக்குச் செல்ல ஒரு நாட்கூலி போகின்றது. “நலமாயிருப்பவனுக்கு ஊசி எதற்கு?” என்று பெற்றோர் நிறுத்திவிடுகின்றனர். சிறிய குறையாகவே நின்றிருக்க வேண்டியது, அவ்வாறு நிறுத்திய வீடுகளில் பெரிய குறையாகின்றது.

ஆகவே சிறு குறையுடைய பிள்ளையை இரண்டு பிழைகள் சூழ்ந்து நிற்கின்றன. ஒன்று புறக்கணிப்பு, மற்றொன்று மிகையான அச்சம். பின்னது அன்பின் உருவில் வருவதால் அதனைப் பிழையென்று எவரும் கருதுவதில்லை. “அவனுக்கு இதயத்தில் ஓட்டை” என்று அண்டை வீட்டார் கூறுவர். குறை ஓட்டையே அன்று. எனினும் சொல் பரவிவிடும். ஓடாதே, படியேறாதே, குளத்தில் இறங்காதே என்று நாள்தோறும் தடைகள் விழும். விளையாட்டு வேளையில் மற்றப் பிள்ளைகள் திடலில் இருக்க, அவன் மட்டும் அவர்களுடைய சட்டைகளைக் காத்துக்கொண்டு மரத்தடியில் அமர்ந்திருப்பான். இதயம் செய்யாத தீமையை அம்மரத்தடி செய்துவிடும். வால்வுக் குறை மிகச் சிறிதாயின், பெரும்பாலான பிள்ளைகள் ஏனையோரைப் போலவே விளையாடலாம் என்பது இக்கால மருத்துவர் கருத்து. மருத்துவரிடம் அதனை எழுத்தில் பெற்று உடற்பயிற்சி ஆசிரியரிடம் காட்டுதல் நன்று. விளையாடும்போது மயக்கம், மார்பு வலி, வழக்கத்திற்கு மாறான மூச்சுத் திணறல் ஆகியவை தோன்றினால் உடனே நிறுத்தி மருத்துவரை அடைதல் வேண்டும். பிள்ளைகள் பலரிடம் குறை ஏதுமின்றியே முணுமுணுப்புக் கேட்பதுண்டு என்பதும் பெற்றோர் அறிய வேண்டியது. வளர வளர அது தானே மறையும்.

மெக்கன்சிக்குக் கிடைக்காத ஒரு கண் இக்கால மருத்துவர்க்குக் கிடைத்துள்ளது. 1953ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டின் லுண்டு நகரில் எட்லர் என்னும் மருத்துவரும் எர்ட்சு என்னும் இயற்பியலாரும், காதுக்குக் கேளாத நுண்ணொலியை மார்பினுள் செலுத்தி, அது எதிரொலித்து வருவதைக் கொண்டு இதயத்தின் அசைவைப் பதிவு செய்தனர். இதுவே இன்று மக்கள் ‘எக்கோ’ என்று வழங்கும் ஆய்வு. வாயில் எவ்வளவு குறுகியுள்ளது, எவ்வளவு கசிகின்றது என்பதை வலியின்றி அளந்து கூறலாம். குறை சிறிதாயின் பெரியவர்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இதனைச் செய்துகொண்டால் போதும்.

பல்லுக்கும் இதயத்திற்கும் தொடர்பு உண்டென்றால் பலர் நம்பார். சொத்தைப் பல்லிலும் புண்பட்ட ஈற்றிலும் வாழும் நுண்ணுயிர்கள் இரத்தத்தில் கலந்து, குறையுடைய வால்வில் தங்கி அதனை அரித்துவிடக்கூடும். அரிதாக வருவதெனினும் அது உயிர்க்கு ஊறு விளைக்கும் நோய். முற்காலத்தில் பல் பிடுங்குமுன் இத்தகையோர் அனைவர்க்கும் தடுப்பு மருந்து கொடுத்தனர். 2007ஆம் ஆண்டில் அமெரிக்க இதயச் சங்கம் அவ்வழக்கத்தைச் செயற்கை வால்வு உடையவர் முதலிய சிலர்க்கு மட்டும் என வரையறுத்தது. ஏனையோர்க்கு நாள்தோறும் பல் துலக்குதலும் சொத்தையை உடனே சீர்செய்தலுமே காவல்.

குழந்தைப் பருவம் கடந்தபின் வேறு வினாக்கள் எழுகின்றன. கருவுற்ற பெண்ணின் உடலில் இரத்தத்தின் அளவு ஏறத்தாழப் பாதி அளவு கூடுகின்றது. சிறு குறையைப் பெரும்பாலான தாய்மார் இடரின்றித் தாங்குவர். ஆனால் குறுகிய ஈரிதழ் வால்வு அப்போது தன் குறையை வெளிப்படுத்தும். பர்ன்லியில் இறந்த இளம்பெண்ணுக்குக் கிடைக்காத முன்னறிவு இன்று கிடைக்கின்றது. கருவுறுமுன்னரே எக்கோ செய்து, மகப்பேற்று மருத்துவரும் இதய மருத்துவரும் கலந்து வழி வகுக்கலாம். எனினும் திருமணப் பேச்சின்போது பெண்ணின் இதயக் குறையை மறைத்துவிடும் குடும்பங்கள் உண்டு. மறைத்தபின் அவள் புகுந்த வீட்டில் மருத்துவமனைக்குச் செல்லவும் அஞ்சுகின்றாள், ஊசி நிற்கின்றது, ஆய்வும் நிற்கின்றது. சிறு குறையை மறைத்ததனால் வரும் கேடு, அக்குறையால் வரும் கேட்டினும் பெரிது. இரண்டிதழ் வால்வு குடும்பங்களில் தொடர்வதும் உண்டு. ஆதலின் அக்குறை ஒருவர்க்குத் தெரிந்தால் பெற்றோரும் உடன்பிறந்தாரும் பிள்ளைகளும் ஒருமுறை ஆய்வு செய்துகொள்ளுமாறு மருத்துவர் கூறுவர்.

பதினெட்டு வயதளவில் பலர் மருத்துவரிடம் செல்வதை விட்டுவிடுகின்றனர். குழந்தை மருத்துவர் வேறு, பெரியவர்களுக்குரிய மருத்துவர் வேறு; கல்லூரி வேறு ஊரில் இருக்கும்; பழைய ஆய்வுத் தாள்கள் தாயின் பெட்டியில் புடவைகளுக்கு அடியில் கிடக்கும். அதுவரை தாயே நினைவில் வைத்திருந்ததை இனி அவ்விளைஞரே ஏற்றல் வேண்டும். குறை எந்த வால்வில் உள்ளது, பிறவியிலா காய்ச்சலுக்குப் பின்னா, கடைசி ஆய்வு எந்த ஆண்டில் நடந்தது, அடுத்தது எப்போது என்பவற்றைக் கேட்டு எழுதிக்கொண்டு, அத்தாள்களையும் பெட்டியிலிருந்து எடுத்துச் செல்லல் வேண்டும். புதிய ஊரில் முதன்முதலாகப் பார்க்கும் மருத்துவர், முணுமுணுப்பைக் கேட்டவுடன் வினவுவது அவற்றையே.