உடை வடிவமைப்புக் கல்வியும் நமது ஊராட்சிகளும்

உழவர் வீட்டுப் பெண் ஒருத்தி பன்னிரண்டாம் வகுப்பில் தேறி, "நான் உடை வடிவமைப்புப் படிக்க விரும்புகிறேன்" என்று கூறினால், வீட்டுப் பெரியவர்கள் இரண்டு விதமாக விடையளிக்கக் காண்கிறோம். "தையல் கற்பதற்கு நான்கு ஆண்டுகள் எதற்கு?" என்பது ஒன்று. "அது சினிமாக்காரர்களுக்கு உரிய படிப்பு, நமக்கு வேண்டாம்" என்பது மற்றொன்று. இவ்விரு விடைகளும் அறியாமையால் வருவன. எனினும் அவற்றின் அடியில் உள்ள அச்சம் நியாயமானதே. சில இலட்சம் ரூபாய் செலவாகும் படிப்பு இது. நிலத்தை ஈடு வைத்துக் கட்டணம் செலுத்திய பின், "இதில் என்னதான் கற்பித்தார்கள்?" என்று கேட்பதால் பயனில்லை. ஆகவே இக்கல்வியில் என்னென்ன பாடங்கள் உள்ளன, மாணவர்கள் என்ன செய்கிறார்கள், கிராமத்திற்கு அதனால் ஆவது யாது என்பனவற்றை, கடலூர் மாவட்டத்து ஸ்ரீமுஷ்ணம் வட்டாரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

முதலில் ஒரு சிறு வரலாறு. நாடு விடுதலை பெற்ற பின், கைத்தறி நெசவாளருக்குப் புதிய மாதிரிகளை வரைந்து தருவதற்கென 1956ஆம் ஆண்டில் சென்னை, பம்பாய் முதலிய இடங்களில் நெசவாளர் சேவை மையங்கள் தோன்றின. 1958இல் அமெரிக்காவைச் சேர்ந்த சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்னும் தம்பதியர் நமது அரசின் அழைப்பின் பேரில் இந்தியாவைச் சுற்றிப் பார்த்து ஓர் அறிக்கை அளித்தனர். அவர்கள் கண்ட பொருள்களுள் மிகவும் வியந்து போற்றியது அரண்மனையையோ பட்டாடையையோ அன்று. நம் வீட்டுச் செம்பைத்தான்! நீர் மொள்ளவும், ஊற்றவும், இடுப்பிலோ தலையிலோ சுமக்கவும், கழுவவும் ஏற்றவாறு தலைமுறை தலைமுறையாகத் திருத்தமுற்ற வடிவம் அது என்பது அவர்கள் கருத்து. அந்த அறிக்கையின் பயனாக 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் நிறுவப்பெற்றது. உடைக்கென்றே தனியாக, நிஃப்ட் எனச் சுருக்கமாக வழங்கும் தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனம் 1986இல் தில்லியில் தோன்றியது. அதன் சென்னைக் கிளை 1995இல் தரமணியில் அமைந்தது. நெசவுத் தொழில்நுட்பம் கற்க விரும்புவோர்க்குச் சேலத்தில் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்பக் கழகம் 1960 முதல் உள்ளது.

வடிவமைப்பு என்பது அலங்காரம் அன்று. செம்பைப் பற்றிச் சொன்னதை நினைவிற் கொண்டால் இது விளங்கும். பயன்படுத்துவோன் யார், என்ன வேலை செய்கிறான், எப்பொருள் கிடைக்கும், என்ன விலை தாங்கும் என்று கேட்டு, அதற்கு ஏற்ற வடிவத்தைக் காண்பதே வடிவமைப்பு. கலப்பையின் மேழியை ஆளின் உயரத்திற்கு ஏற்பச் செதுக்கிய தச்சனும் ஒரு வடிவமைப்பாளனே.

இனி, மாணவி என்ன கற்கிறாள்? நான்கு ஆண்டுப் பட்டப் படிப்பில் முதல் ஆண்டு பொதுவான அடிப்படைப் பயிற்சி. கோடு, நிறம், வடிவம், அளவு ஆகியவற்றைக் கண்ணும் கையும் பழகிக்கொள்ள வேண்டும். பின்னர் மனித உருவத்தை வரைதல், துணியியல், உடை வரலாறு, மாதிரி வெட்டுதல், தைத்தல் என்று பாடங்கள் விரிகின்றன. இவற்றுள் வெளியார் கண்ணுக்குத் தெரிவது வண்ணப் படங்கள் மட்டுமே. உண்மையில் மாணவர்களைத் திணற வைப்பது மாதிரி வெட்டும் பாடந்தான்.

உடல் உருண்டையானது, துணியோ தட்டையானது. தட்டையான ஒன்றை மடித்தும் வெட்டியும் இணைத்தும் உருண்டையான ஒன்றின்மேல் சுருக்கமின்றிப் பொருந்தச் செய்வது கணக்கு வேலை. மார்பளவு, தோள் அகலம், முதுகு நீளம், அக்குள் வளைவு ஆகியவற்றைக் கொண்டு காகிதத்தில் அடிப்படை மாதிரி ஒன்றை வரைகிறார்கள். அதைக் காடாத் துணியில் வெட்டி, மரத்தாலோ பஞ்சாலோ ஆன உருவத்தின்மேல் குண்டூசி குத்திப் பொருத்திப் பார்க்கிறார்கள். தவறு இருப்பின் விலை குறைந்த காடாவோடு போகும். நல்ல துணி வீணாகாது. ஒரே மாதிரியைப் பெரிதாக்கியும் சிறிதாக்கியும் பல அளவுகளுக்கு ஆக்குவது அடுத்த பாடம். ஒரு நீளத் துணியில் எல்லாத் துண்டுகளையும் குறைந்த இடத்தில் அடுக்கி வெட்டுவது அதற்கும் அடுத்தது. சட்டை ஒன்றுக்குப் பத்துச் சென்டிமீட்டர் துணி மிச்சமானால், ஆயிரம் சட்டைக்கு நூறு மீட்டர் மிச்சம். பள்ளிப் பிள்ளைகளுக்கான விலையில்லாச் சீருடைகளை மகளிர் தையல் தொழிற்கூட்டுறவுச் சங்கங்கள் தைத்து வருவதை நம் உறுப்பினர்கள் அறிவார்கள். அத்தகைய சங்கத்தில் இக்கணக்கு அறிந்த பெண் ஒருத்தி இருப்பதன் பயனை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

துணியியல் பாடத்தைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். பாவும் ஊடையும் நேராக ஓடும் திசையில் துணி நீளாது. குறுக்காக இழுத்தால் நீளும். இதை அறியாமல் வெட்டினால் பாவாடையின் விளிம்பு ஒரு மாதத்தில் தொங்கிப்போகும். சாயம் நிற்குமா, துவைத்தால் சுருங்குமா, வியர்வையை உறிஞ்சுமா என்பனவெல்லாம் இப்பாடத்தில் அடங்கும். நமது மதராஸ் கட்டம் போட்ட கைத்தறித் துணி 1950களின் இறுதியில் அமெரிக்காவுக்குச் சென்று, துவைத்ததும் சாயம் கசிந்து பெரும் வம்பாயிற்று. பின்னர் அங்குள்ள வணிகர்கள், "துவைக்குந்தோறும் நிறம் கசிந்து புதிதாகத் தோன்றும்" என்று அக்குறையையே சிறப்பாக விளம்பரம் செய்து விற்றார்கள்! வணிகரின் சாமர்த்தியத்தை மெச்சலாம். ஆயினும் துணியின் குணத்தை முன்கூட்டி அறிந்து வாங்குவோனிடம் சொல்வதே நேரிய முறை.

உடை வரலாற்றுப் பாடத்திற்கு ஸ்ரீமுஷ்ணம் பெரிய பள்ளிக்கூடமாகும். அங்குள்ள பூவராகப் பெருமாள் திருக்கோயிலின் நாயக்கர் காலத்து மண்டபத் தூண்களில் உள்ள உருவங்களை நாம் கும்பிட்டுக் கடந்து விடுகிறோம். உடை கற்கும் மாணவி அங்கே நின்று, இடையாடையின் மடிப்பு எங்கே தொடங்குகிறது, கச்சை எவ்வாறு முடிச்சிடப்பட்டுள்ளது, தலையணி எப்படி இருக்கிறது என்று பென்சிலால் வரைவாள். ஏட்டில் எழுதப்படாத வரலாறு கல்லில் கிடக்கிறது. இதற்குக் கட்டணம் ஏதுமில்லை. கோயில் நிருவாகத்தின் இசைவு மட்டும் பெறவேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்கு விடுமுறை நாட்களில் இப்பயிற்சி அளிப்பதைச் சுற்றியுள்ள ஊராட்சிகள் எண்ணிப் பார்க்கலாம். வரைகலையில் நாட்டமுள்ள பிள்ளை யார் என்பது ஒரே நாளில் தெரிந்துவிடும். அருகிலுள்ள விருத்தாசலமோ பீங்கான் தொழிலுக்குப் பேர்பெற்றது. பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் நிலையமும் அங்கு உண்டு. பொத்தானும் மணியும் பதக்கமும் அங்கே செய்வித்துத் தன் உடைக்குப் பொருத்திப் பார்க்கும் மாணவி, இரு தொழில்களை ஒரு கயிற்றில் கோத்தவளாவாள்.

படிப்பின் முடிவில் ஒவ்வொரு மாணவரும் தாமே ஒரு பொருளைத் தேர்ந்து, ஆராய்ந்து, உடைத் தொகுதி ஒன்றைச் செய்து காட்ட வேண்டும். பலரும் மேடையில் அணிந்து நடப்பதற்குரிய ஆடைகளையே தேர்கிறார்கள். அதைக் குறை கூற வேண்டியதில்லை, அச்சந்தையும் உண்டு. ஆயினும் நமது வயல்களில் வடிவமைப்பாளனின் கண் படாமல் கிடக்கும் ஒரு பெரிய கேள்வியை இங்கே எடுத்து வைக்க விரும்புகிறோம்.

களையெடுக்கவோ நடவு செய்யவோ செல்லும் பெண்கள் சேலையின்மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டையை அணிந்திருப்பதை நாள்தோறும் பார்க்கிறோம். வெயிலும், பயிரின் சுணையும், முள்ளும் தாக்காமல் காக்க அவர்கள் தாமே கண்டுபிடித்த வழி அது. எந்தக் கல்லூரியும் அதைச் சொல்லித் தரவில்லை. வீட்டு ஆடவரின் பழைய சட்டை செலவின்றிக் கிடைக்கிறது; சேலையும் கெடுவதில்லை. அறிவுள்ள ஏற்பாடுதான். ஆனால் குறைகளை எண்ணிப் பாருங்கள். தோள் அகலமாக இருப்பதால் கை நீண்டு சேற்றில் படுகிறது. மடித்துவிட்டால் முன்கை வெளியே தெரிகிறது. மார்புப் பக்கம் இறுக்கம். இடுப்பைக் கடந்தவுடன் தொளதொளப்பு. குனிந்து நிமிரும்போது முதுகுப் பக்கம் மேலேறிக் கொள்கிறது. பை மார்பில் இருப்பதால், குனிந்தால் அதிலுள்ள கைப்பேசியும் சில்லறையும் சேற்றில் விழும். கரும்பில் சோகை உரிக்கும் பெண்ணுக்குக் கழுத்தும் மணிக்கட்டுமே அதிகம் கிழிபடும் இடங்கள். அவ்விரண்டையும் இச்சட்டை திறந்தே விடுகிறது.

இவற்றுக்கெல்லாம் மாதிரி வெட்டும் பாடத்தில் விடை உண்டு. அக்குளில் சதுரத் துண்டு ஒன்றை வைத்துத் தைத்தால் கையை உயர்த்தும்போது சட்டை மேலே இழுபடாது. நம் நாட்டுப் பழைய குர்த்தாவில் இம்முறை இருக்கிறது. பின்புற நீளத்தை முன்புறத்தைவிடச் சிறிது கூட்டலாம். பையைப் பக்கவாட்டுக்கு மாற்றி மூடி வைக்கலாம். மணிக்கட்டில் நாடாப் பட்டி அமைக்கலாம். துணி பருத்தியாக இருக்கவேண்டும். விலை பழைய சட்டையோடு போட்டியிட வேண்டியதாதலால் மிகக் குறைவாகவும் இருக்கவேண்டும். இந்தக் கடைசி நிபந்தனைதான் கடினமானது. அதை வென்று காட்டும் மாணவியின் பணியை நாம் எந்த மேடை அலங்காரத்தைவிடவும் மேலாக மதிப்போம்.

இதனினும் கடுமையானது முந்திரி உடைக்கும் வேலை. விருத்தாசலம், பண்ருட்டிப் பக்கங்களில் முந்திரி நமக்குப் பெருஞ்செல்வம். ஆனால் அதன் ஓட்டிலுள்ள எண்ணெய் தோலைப் புண்ணாக்குவது. கை கறுத்துத் தோல் உரிகிறது. பெண்கள் கையில் எண்ணெயோ சாம்பலோ பூசிக்கொண்டு உடைக்கிறார்கள். கையுறை தந்தால் கழற்றி வைத்து விடுகிறார்கள் என்று முதலாளிகள் குறைபடுவதுண்டு. ஏன் கழற்றுகிறார்கள்? வியர்க்கிறது, பருப்பு கைக்குப் பிடிபடுவதில்லை, வேலை மந்தமாகிறது, கூலியோ எடைக்கு ஏற்பக் கிடைப்பது. ஆகவே குற்றம் பெண்ணிடம் இல்லை, கையுறையின் வடிவத்தில்தான் இருக்கிறது. எந்த விரல் எண்ணெயில் படுகிறது, எந்த விரல் பருப்பைப் பிடிக்கிறது என்று பத்து நாள் அருகில் அமர்ந்து பார்த்தால்தான் இதற்கு வழி பிறக்கும். அவ்வாறு பார்ப்பதும் குறிப்பெடுப்பதுமே வடிவமைப்பு மாணவரின் பயிற்சி.

இந்தியர் உடலளவுகளைத் தொகுத்து நமக்கெனத் தனி அளவு அட்டவணை காண்பதற்காக, ஆறு நகரங்களில் 15 முதல் 65 வயது வரையுள்ள 25,000 பேரை அளக்கும் திட்டம் ஒன்றை நிஃப்ட் மேற்கொண்டது. நல்ல முயற்சி. ஆயினும் அளவு எடுக்கும் இடங்கள் நகரங்கள். நாள் முழுதும் மண்வெட்டி பிடிக்கும் தோளும் கணக்கெழுதும் தோளும் ஒன்றல்ல. கிராமத்து அளவுகளைக் கிராமத்தார் துணையின்றி எவரும் பெற இயலாது என்பதைக் குறித்து வைப்போம்.

இம்மாணவர்கள் கைத்தொழில் ஊர்களுக்குச் சென்று தங்கி ஆராய்வதும் அவர்கள் பாடத்திட்டத்தின் ஒரு பகுதியாக உள்ளது. நெசவோ பாய் முடைவதோ நடைபெறும் ஊருக்கு இவ்வாறு மாணவர் குழு வரின், ஊராட்சி மன்றம் அவர்களை அன்புடன் ஏற்று இடவசதி செய்து தரவேண்டும். அதே சமயம் விழிப்பும் தேவை. எந்த வீட்டில் எந்த மாதிரியைப் படம் பிடித்தார்கள் என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். அவர்கள் எழுதும் அறிக்கையின் படி ஒன்றை மன்றத்துக்கு அனுப்பக் கேளுங்கள், கேட்பது உரிமையே. ஊர்ப்பெயரோடு வழங்கும் பொருள்களுக்கு 1999ஆம் ஆண்டுப் புவிசார் குறியீட்டுச் சட்டம் காப்பளிக்கிறது. காஞ்சிபுரம் பட்டு, பவானி ஜமக்காளம், பத்தமடைப் பாய் ஆகியவை அவ்வாறு பதிவு பெற்றவை. புதிதாக ஒருவர் ஆக்கிய மாதிரிக்கோ 2000ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டம் உண்டு. ஆனால் பதிவு செய்யுமுன் பலரறிய வெளியிட்டுவிட்டால் அது புதியது என்னும் தகுதியை இழந்துவிடும். இதை நெசவாளர்களுக்கு எடுத்துச் சொல்வது உறுப்பினர்களின் கடமை.

இறுதியாகச் சேர்க்கை பற்றி. நிஃப்ட் வடிவமைப்புப் பட்டப் படிப்பிற்குப் பன்னிரண்டாம் வகுப்பில் எப்பிரிவில் தேறியவரும் விண்ணப்பிக்கலாம். கணிதமோ அறிவியலோ படித்திருக்க வேண்டும் என்பதில்லை. நுழைவுத் தேர்வில் படைப்புத் திறன், பொதுத் திறன் ஆகியவை சோதிக்கப்படும். கொடுத்த பொருள்களைக் கொண்டு கையால் ஒன்றைச் செய்து காட்டும் தேர்வும் உண்டு. ஓலையில் கிளியும் களிமண்ணில் மாடும் செய்து பழகிய பிள்ளைக்கு இது புதிதன்று. ஆண்டுக் கட்டணம் இரண்டு இலட்சத்தைத் தாண்டும். அரசுப் பள்ளியில் படித்த மாணவியர்க்கு 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் உதவித்தொகை முதலியவற்றைப் பற்றித் தலைமையாசிரியரிடம் கேட்டறிதல் வேண்டும். அவ்வளவு செலவு இயலாதெனின், தொழிற்பயிற்சி நிலையங்களில் உடை தயாரித்தல், தையல் தொழில்நுட்பம் போன்ற ஓராண்டுப் பயிற்சிகளும், கலைக் கல்லூரிகள் சிலவற்றில் மூன்றாண்டுப் படிப்புகளும் உள்ளன. தனியார் நிலையம் எதில் சேர்ப்பதாயினும், பணம் கட்டுமுன் மூன்று செய்திகளைக் கேளுங்கள்: சான்றிதழ் வழங்குவது பல்கலைக்கழகமா, அரசுத் தேர்வுத் துறையா, அல்லது அந்நிலையமே தானா? ஒரு மாணவிக்கு ஒரு தையல் இயந்திரம் உண்டா? சென்ற ஆண்டு முடித்த பெண்கள் தைத்த உடைகளைக் காட்ட முடியுமா? மூன்றாவதற்குத் தயங்குவோரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம்.

நிஃப்ட் நுழைவுத் தேர்வு வழக்கமாக ஆண்டின் தொடக்க மாதங்களிலேயே நடந்துவிடுகிறது. விண்ணப்பம் அதற்கும் முன்பே கோரப்படும். பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வரட்டும் என்று காத்திருந்தால் ஓராண்டு வீணாகும். ஆகவே ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நடவு வேலைக்கிடையே ஒரு நாளை ஒதுக்கி, பிள்ளையோடு பள்ளிக்குச் சென்று விசாரித்து வாருங்கள்.