விழத் தெரியுமா?

குற்றாலத்தில் சீசன் நேரத்தில் ஒரு அரை மணி நேரம் நின்னு பார்த்தா போதும். பாசி பிடிச்ச பாறையில் யாராவது கால் வைப்பாங்க, கால் முன்னாடி போகும், உடம்பு பின்னாடி சாயும், ரெண்டு கையும் தானா பின்னால நீளும். அந்தக் கை நீளுறதை யாரும் சொல்லிக் கொடுக்கலை. கபடி மைதானத்திலும், பைக் சறுக்கும்போதும், ஹாஸ்டல் பாத்ரூமிலும் இதேதான். மொத்த எடையும் மணிக்கட்டில் இறங்கும். இப்படி கையூன்றி விழுறதால வர்ற முறிவு ஒன்றை 1814-இல் ஆபிரகாம் கோலெஸ் என்ற அயர்லாந்து சர்ஜன் விவரித்தார். இன்னைக்கும் அதற்குப் பெயர் கோலெஸ் முறிவுதான்.

ஜப்பானிய தற்காப்புக் கலைகளில், அடிக்கக் கத்துக்கிறதுக்கு முன்னாடியே இந்த இயல்பை மாத்த ஒரு தனிப் பாடம் இருக்கு. பெயர் உகெமி. 'உகெ' என்றால் வாங்கிக்கொள்வது, 'மி' என்றால் உடம்பு. ஜப்பானிய இலக்கணத்தில் செயப்பாட்டு வினைக்கும் இதே சொல்தான்! 1882-இல் கானோ ஜிகோரோ தொடங்கிய ஜூடோவிலும், பின்னால் வந்த அய்கிடோவிலும் புது ஆளுக்கு முதலில் வருவது இதுதான். பல பேர் இதை வார்ம்-அப்னு நினைச்சு அவசரமா முடிச்சிடுறாங்க. அது எவ்வளவு தப்புன்னு ஃபர்ஸ்ட் இயர் மெக்கானிக்ஸே சொல்லும்.

ஒரு சிலம்பக் கம்பை நேராக நிறுத்தி கையை விடுங்க. அடிமுனை நழுவாமல் அது சாயும்போது, மேல்முனை தரையில் படும் வேகம் 3gL-இன் வர்க்கமூலம். 165 செ.மீ. உயரத்துக்குக் கணக்குப் போட்டால் நொடிக்கு சுமார் 7 மீட்டர், அதாவது மணிக்கு 25 கி.மீ. அதே உயரத்திலிருந்து ஒரு தேங்காயைக் கீழே போட்டால்கூட 20 கி.மீ. வேகம்தான் வரும். ஆக, விறைப்பா மரம் மாதிரி சாய்கிற மனுஷனோட தலை, சும்மா கீழே விழுற தேங்காயைவிட வேகமா தரையைத் தொடும். மனுஷ உடம்பு கம்பு இல்லைதான், நடுவில் மூட்டு இருக்கு. அந்த மூட்டை மடக்கத் தெரியணும் என்பதுதான் உகெமியே.

விசை என்பது உந்தத்தை நேரத்தால் வகுத்தது. 60 கிலோ ஆள், நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் வந்து 0.01 நொடியில் நின்றால் சராசரி விசை 24,000 நியூட்டன். அதே ஆள் உருண்டு 0.1 நொடி எடுத்துக்கொண்டால் 2,400. அதுவும் ஒரே எலும்பில் இல்லாமல் கை, தோள், முதுகு என்று பரவி இறங்குது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, ஜூடோ பிறந்த நாட்டிலேயே இதில் கோட்டை விட்டிருக்காங்க. 1983-க்குப் பிறகான சுமார் 30 வருஷத்தில் ஜப்பானியப் பள்ளி ஜூடோவில் 100-க்கும் மேற்பட்ட மாணவர்கள் இறந்திருக்காங்க. ரியோ உச்சிதா என்ற ஆய்வாளர் இதைத் தொகுத்து வெளியே கொண்டு வந்தார். பெரும்பாலும் தலைக்காயம். அதிலும் இப்பத்தான் சேர்ந்த முதல் வருஷப் பிள்ளைகள் நிறைய. பின்பக்கம் விழும்போது தலையைத் தூக்கிப் பிடிக்கக் கழுத்து பழகுறதுக்கு முன்னாடியே அவங்களைத் தூக்கிப் போட ஆரம்பிச்சிட்டாங்க.

அதனால முதல் பாடம் நின்னுக்கிட்டு இல்லை, படுத்துக்கிட்டு. மல்லாக்கப் படுத்து, நாடியை நெஞ்சோடு ஒட்டி, இடுப்பு பெல்ட்டின் முடிச்சைப் பார்க்கணும். பின்னந்தலை தரையைத் தொடவே கூடாது. கொஞ்ச நேரத்தில் கழுத்து நடுங்கும். நடுங்குதுன்னா இன்னும் பழகலைன்னு அர்த்தம். அது சரியான பிறகு உட்கார்ந்த நிலையிலிருந்து, அப்புறம் குத்தவச்ச நிலையிலிருந்து பின்னால் உருளணும். நின்ற நிலை கடைசி. வாயை மூடி, பல்லை ஒட்டி வச்சு, மூச்சை வெளியே விடணும். நாக்கு பல்லுக்கு நடுவில் மாட்டினா அது தனிக் கதை.

கையால் தரையை 'பட்'டுனு அடிக்கிறது பார்க்க கெத்தா இருக்கும், சத்தமும் வரும். என் கணிப்பில் அதுக்கு மார்க் கொஞ்சம் அதிகமாவே போடுறாங்க. நெதர்லாந்தில் ஜூடோ தெரிந்தவர்களைப் பக்கவாட்டில் விழ வைத்து அளந்தாங்க. உருண்டு விழுந்ததில் இடுப்பில் விழும் விசை கால் பங்குக்கு மேல் குறைந்தது. கையால் அடித்தாலும் அடிக்காவிட்டாலும் கிட்டத்தட்ட அதே அளவுதான். கையை உடம்புக்கு 30-45 டிகிரியில் வைக்கப் பழகுறதோட உண்மையான லாபம், அது பின்னால் போய் ஊன்றாது என்பதுதான். பாறையிலும் சிமெண்ட் தரையிலும் ஓங்கி அடிச்சா கைதான் உடையும்.

அடுத்து முன்னால் உருளுவது. இது நாம சின்ன வயசில் போட்ட குட்டிக்கரணம் இல்லை. குட்டிக்கரணத்தில் தலை தரையில் படும், முதுகெலும்பு நேராக உருளும். இதில் உடம்பு குறுக்கே உருளணும். வலது முழங்காலை முன்னால் வச்சு மண்டியிடுங்க. வலது கையை வண்டிச் சக்கரம் மாதிரி வளைத்து, விரல்நுனி உங்களைப் பார்க்கிற மாதிரி, சுண்டுவிரல் ஓரத்தை தரையில் வைங்க. இடது கை பக்கத்தில் தாங்கட்டும். முகத்தை இடது பக்கம் திருப்பி நாடியை உள்ளே இழுங்க. பின்காலால் மெல்லத் தள்ளினால் முன்கை, மேல்கை, வலது தோள், அங்கிருந்து முதுகின் குறுக்காக இடது இடுப்பு என்று வரிசையா தரையில் படும். எங்கேயாவது 'டொக்'குனு சத்தம் வந்தா அந்த இடத்தில் சக்கரம் சதுரமாயிடுச்சு. பெரும்பாலும் அது தோள்தான், கையை மடக்கிட்டா வரும். கடைசியில் ரெண்டு கணுக்காலும் ஒன்னோடொன்னு மோதாம பார்த்துக்கணும்.

சரி, சுரண்டைப் பக்கம் ஜூடோ மேட்டுக்கு எங்கே போறது? பழைய ஜப்பானிய தத்தாமி என்பது நெல்லு வைக்கோலை இறுக்கிக் கட்டி, மேலே கோரை மாதிரியான ஒரு புல்லில் நெய்த பாயைப் போர்த்தியதுதான். மேல் பாதி நம்ம பத்தமடைக்காரங்களுக்குத் தெரிந்த வேலை, கீழ் பாதி எல்லா வயல்காட்டிலும் கிடக்கு. வைக்கோலைத் தரையோட தட்டையா, கெட்டியா பரப்பி மேலே தார்ப்பாய் விரித்தால் மண்டியிட்டுப் பழகப் போதும். படப்பு மேலிருந்து குதிக்கிறது இந்தக் கணக்கில் வராது. ரொம்ப மெத்துனு இருந்தா தோள் புதையும், கழுத்து திரும்பும். நின்னுக்கிட்டு உருளுறதை மட்டும் தெரிந்த ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது செய்யுங்க, யூடியூபைப் பார்த்து மொட்டைமாடியில் வேண்டாம்.

யாருக்காவது தலை பட்டுட்டா, அடி சின்னதா தெரிந்தாலும் அன்னைக்குப் பயிற்சி அவ்வளவுதான். தலைவலி, வாந்தி, தூக்கக் கலக்கம், பேச்சுக் குழறல் எது வந்தாலும் வீட்டுக்கு அனுப்பாம நேரா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. 'ஒன்னுமில்லைடா மக்கா'ன்னு அவனே சொன்னாலும் சரி.