அனுமதியின்றிப் பின்தங்கியவர்கள்

காவல்துறையிலும் ராணுவத்திலும் பணியாற்றும் பிள்ளைகள் நம் சமுதாயத்தில் இருக்கிறார்கள். விடுப்பில் ஊருக்கு வந்தவர், திரும்பிப் போகும் நாளைத் தள்ளிப்போடுவார். தங்கையின் நிக்காஹ், தாயின் நோய் என்று காரணம் உண்மையாகவே இருக்கும். ஆனால் மேலதிகாரியிடம் கேட்டிருக்க மாட்டார். வேறு வேலையில் ஒரு மெமோவோடு முடிகிற விஷயம், படையில் பணிநீக்கம் வரை போய்விடும். அனுமதியின்றி வராமல் இருப்பதையும், விடுப்பு முடிந்த பின் தக்க காரணமின்றித் தங்கிவிடுவதையும் 1950-ஆம் ஆண்டின் ராணுவச் சட்டம் 39-ஆம் பிரிவில் குற்றமாக்கியிருக்கிறது. 30 நாட்கள் கடந்துவிட்டால் விசாரணைக் குழு அமைக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது.

ஏன் இவ்வளவு கடுமை? உஹதைப் பாருங்கள். அப்துல்லாஹ் பின் ஜுபைர் (ரலி) தலைமையில் 50 வில்லாளிகளைக் குன்றின் மீது நிறுத்திய நபி (ஸல்) அவர்கள், என்ன நடந்தாலும் இடத்தை விட்டு அசையக் கூடாது என்று கட்டளையிட்டார்கள். வெற்றி கிடைத்துவிட்டது என்று நினைத்துப் பெரும்பாலானோர் இறங்கினார்கள். காலியான அந்த வழியாக எதிரியின் குதிரைப்படை பின்னால் வந்தது. சுமார் 70 ஸஹாபாக்கள் ஷஹீதானார்கள்.

அதற்காகக் குடும்பத்தின் தேவையை மார்க்கம் மறுக்கவில்லை. பத்ரின்போது உஸ்மான் (ரலி) அவர்களின் மனைவி ருகையா (ரலி) நோயுற்றிருந்தார்கள். கூடவே இருந்து கவனிக்கும்படி நபி (ஸல்) அவர்களே சொன்னார்கள். போருக்குப் போகாத உஸ்மானுக்கு கனீமத்தில் பங்கும் கிடைத்தது. பொதுக் காரியத்தில் இருக்கும்போது அனுமதி கேட்காமல் போகாதவர்களே முஃமின்கள் என்று சூரத்துந் நூர் 62-ஆம் வசனம் கூறுகிறது. கேட்பவர்களில் நாடியவருக்கு அனுமதி கொடுக்கும்படி நபிக்கும் அங்கேயே சொல்லப்படுகிறது.

இப்போது ஹிஜ்ரி 9, தபூக். கஅப் பின் மாலிக் (ரலி) நயவஞ்சகர் அல்ல. அகபாவில் பைஅத் செய்தவர். உடலில் வலு இருந்தது, கையில் வசதி இருந்தது, இரண்டு ஒட்டகங்கள் இருந்தன. இன்று தயாராகலாம், நாளை தயாராகலாம் என்று நாட்கள் போயின. படை வெகுதூரம் போய்விட்டது.

நபி (ஸல்) அவர்கள் திரும்பியதும், வராமல் இருந்த 80-க்கும் மேற்பட்டோர் வந்து சத்தியம் செய்து சாக்குச் சொன்னார்கள். அவர்களின் வெளிப்படையான பேச்சு ஏற்கப்பட்டது. கஅபிடமும் ஏன் வரவில்லை என்று கேட்கப்பட்டது. பேச்சுத் திறமை உள்ளவர். எதையும் சொல்லித் தப்பியிருக்கலாம். எனக்கு எந்தக் காரணமும் இல்லை என்றார். வெளியே வந்ததும் அவருடைய பனூ ஸலமா கூட்டத்தார் பின்னாலேயே வந்து, நீயும் ஒரு சாக்குச் சொல்லியிருக்கலாமே என்று கடிந்துகொண்டார்கள். திரும்பிப் போய், சொன்னதை மாற்றிவிடலாமா என்று அவருக்கே தோன்றுமளவு வற்புறுத்தினார்கள்.

இந்த இடத்தில் நாம் நம்மைப் பார்க்க வேண்டும். டாக்டரிடம் ஒரு மெடிக்கல் சர்டிஃபிகேட் வாங்கிக் கொடுத்துவிடு என்று பையனுக்குச் சொல்லிக் கொடுப்பது பெரும்பாலும் வீட்டிலுள்ள பெரியவர்கள்தான். வராமல் இருந்தது ஒரு தவறு. பொய்ச் சான்று பொய்ச் சாட்சியத்தைச் சேர்ந்தது.

உண்மை சொன்னதால் தண்டனை நீங்கிவிடவில்லை. கஅபுடனும் அவரைப் போலவே உண்மை சொன்ன முராரா, ஹிலால் (ரலி) இருவருடனும் யாரும் பேசக் கூடாது என்று உத்தரவு. 40 நாட்களுக்குப் பின் மனைவியரை விட்டும் விலகி இருக்கச் சொல்லப்பட்டது. (இதை ஆதாரமாக வைத்து ஊர்விலக்கம் செய்ய எந்த ஜமாஅத்துக்கும் உரிமையில்லை. அது வஹீ இறங்கிய காலத்தில் நபியின் உத்தரவு.) அந்நாட்களில் கஸ்ஸான் மன்னனிடமிருந்து கடிதம் வந்தது: உம் தலைவர் உம்மை ஒதுக்கிவிட்டாராமே, எங்களிடம் வாரும், ஆதரிக்கிறோம். இதுவும் ஒரு சோதனைதான் என்று அதை அடுப்பில் போட்டு எரித்தார் கஅப்.

50-ஆம் நாள் இரவு கழிந்து ஃபஜ்ர் தொழுதிருந்தபோது, ஸல்உ மலையிலிருந்து ஒருவர் நற்செய்தியைக் கூவினார். மூவரின் தவ்பாவும் ஏற்கப்பட்டுவிட்டது. சூரத்துத் தவ்பா 118-ஆம் வசனம் அதுதான். கஅப் பள்ளிக்குள் நுழைந்தபோது, முஹாஜிர்களில் தல்ஹா (ரலி) மட்டும் எழுந்து ஓடிவந்து கையைப் பற்றி வாழ்த்தினார்கள். கஅப் அதைக் கடைசிவரை மறக்கவேயில்லை.