இரு பேரரசுகளுக்கு நடுவே அப்லாய் கான்

இரண்டு பெரிய மொத்த வியாபாரிகளுக்கு நடுவே சிறு கடை நடத்துவது எத்தனை சங்கடம் என்பதை நாம் அறிவோம். ஒருவரையே நம்பினால் அவர் வைத்ததே விலை. இருவரையும் பகைத்தால் கடையையே மூட வேண்டியதுதான். இப்படிப்பட்ட நெருக்கடியில் ஒரு மக்களையே நடத்திச் சென்றவர் மத்திய ஆசியாவின் அப்லாய் கான்.

கஸாக்கியர் குதிரையும் ஆடும் மேய்த்து வாழ்ந்த முஸ்லிம்கள். பெருங்கூட்டம், நடுக்கூட்டம், சிறுகூட்டம் என மூன்று பிரிவினர். அன்னார் 1711 வாக்கில் பிறந்தவர், இயற்பெயர் அபுல்மன்ஸூர். இளம் வயதில் தந்தையை இழந்து, பிறர் மந்தையை மேய்த்து வளர்ந்தார் என்று அம்மக்கள் சொல்லி வருகிறார்கள். கிழக்கேயிருந்து படையெடுத்த ஜுங்கார்களை எதிர்த்துப் போரிட்டுப் பெயர் பெற்றார். அவர்களிடமே சிறைப்பட்டு, 1743-ல் விடுதலையானார்.

வடக்கே ரஷ்யா; கிழக்கே சீனா. 1740-ல் ரஷ்யாவுக்கு விசுவாசப் பிரமாணம் செய்தார். ஜுங்கார்களை அழித்த சீனப்படை எல்லைக்கு வந்தபோது, 1757-ல் சீனச் சக்கரவர்த்தியோடும் சமாதானம் செய்துகொண்டார். இது இரட்டை வேடமல்லவா என்று சிலர் கேட்கலாம். அவர் சீனாவோடு உறவு கொண்டது ரஷ்ய அதிகாரிகளுக்குத் தெரியாததல்ல. சண்டையிட்டால் தம் மக்கள் அழிவார்கள் என்பதைக் கண்டே அவர் அவ்வாறு செய்தார்.

பலன் என்ன? 1758 முதல் உரும்சிச் சந்தையில் கஸாக்கியர் குதிரை கொடுத்துச் சீனப் பட்டும் துணியும் வாங்கினர். வடக்கே ரஷ்யக் கோட்டைச் சந்தைகளிலும் கொடுக்கல் வாங்கல் நடந்தது.

1771-ல் அவரைக் கானாகத் தேர்ந்தெடுத்தார்கள். 1778-ல் ரஷ்ய அரசி காதரீன் அவரை நடுக்கூட்டத்துக்கு மட்டுமே கானாக அங்கீகரித்து, கோட்டைக்கு வந்து பிரமாணம் செய்யும்படி அழைத்தார். அப்லாய் போகவில்லை. 1781-ல் காலமாகி, துர்கிஸ்தான் நகரில் மகான் அஹ்மது யஸவி அவர்களின் தர்ஹாவில் அடக்கமானார்.

அதன்பின் நடந்ததே நமக்குப் பாடம். மகன் வலீ கானானார். தந்தையின் செல்வாக்கு அவருக்கு வாய்க்கவில்லை. வலீ 1819-ல் மறைந்தார். 1822-ல் நடுக்கூட்டத்தின் கான் பதவியையே ரஷ்யா ஒழித்துவிட்டது. அப்லாயின் சாமர்த்தியம் அவரோடேயே போய்விட்டது.

நம் கடைகளிலும் இப்படித்தானே? எவரிடம் என்ன பேச்சு, எவரை எதுவரை நம்பலாம் என்பதெல்லாம் முதலாளியின் மனதில் மட்டும் இருக்கிறது. இன்றிரவு கடையடைத்துக் கணக்குப் பார்க்கும்போது, நம் பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைப்போம்.