சுங்க அதிகாரியிடமிருந்து சம்மன் வந்தால்

மளிகை வியாபாரிக்கும் கஸ்டம்ஸ் இலாகாவுக்கும் என்ன சம்பந்தம் என்று நம் உறுப்பினர்களில் பலர் எண்ணுகிறார்கள். துறைமுகத்தோடும் விமான நிலையத்தோடும் அவர்கள் அதிகாரம் முடிந்துவிடுவதில்லை. தீர்வை செலுத்தாமல் வந்த கிராம்போ, ஏலக்காயோ, பாக்கோ நாலு கை மாறி நம் குடோனுக்கு வந்த பிறகும் அதைக் கைப்பற்றலாம். பறிமுதலுக்குரிய சரக்கு என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ அதை வாங்கியவர், வைத்திருந்தவர், விற்றவர் எல்லோரையும் சுங்கச் சட்டம், 1962-ன் 135-வது பிரிவு தண்டனைக்கு உள்ளாக்குகிறது. சந்தை விலைக்கு வெகுவாகக் குறைத்து, பில் இல்லாமல் வாங்கிய மூட்டைக்கு "எனக்குத் தெரியாது" என்ற பதில் எளிதில் எடுபடாது.

பெரும்பாலும் முதலில் வருவது சம்மன். 108-வது பிரிவின்படி கெசடட் அந்தஸ்துள்ள சுங்க அதிகாரி, அதாவது சூப்பிரண்டெண்டும் அவருக்கு மேற்பட்டவர்களும், யாரையும் சாட்சியம் சொல்லவும் கணக்குப் புத்தகங்களைக் கொண்டுவரவும் அழைக்கலாம். சம்மன் வந்ததாலேயே ஒருவர் குற்றவாளி ஆகிவிடுவதில்லை. சரக்கு விற்ற தரகரைப் பற்றி விசாரிக்கவும் நம்மை அழைக்கலாம். ஆனால் போகாமல் இருக்க முடியாது. உண்மையைச் சொல்லும் கடமையும் உண்டு. அந்த விசாரணை சட்டப்படி நீதிமன்ற நடவடிக்கையாகக் கருதப்படுவதால், பொய் சொன்னால் அதுவே தனிக் குற்றம்.

நம்மவர்கள் ஏமாறும் இடம் இதுதான். போலீசாரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது என்று கேள்விப்பட்டிருப்பதால், இங்கும் எதையாவது எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனால் போதும் என்று நினைக்கிறார்கள். சுங்க அதிகாரி போலீஸ் அதிகாரி அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1968-ல் ரமேஷ் சந்திர மேத்தா வழக்கில் தீர்ப்பளித்தது. ஆகவே அவரிடம் எழுதிக் கொடுத்தது நமக்கு எதிரான சாட்சியமாக நிற்கும். எந்தப் பாஷை நமக்குத் தெரியுமோ அதில் வாக்குமூலம் எழுதுங்கள். படித்துப் பார்க்காமல் கையெழுத்திட வேண்டாம். நினைவில்லாத தேதிக்கும் தொகைக்கும் "கணக்கைப் பார்த்துச் சொல்கிறேன்" என்று எழுதலாம். மிரட்டி வாங்கியிருந்தால், மாதக்கணக்கில் காத்திராமல் உடனே எழுத்து மூலம் மறுப்புத் தெரிவிக்க வேண்டும். தாமதமான மறுப்புக்கு மதிப்புக் குறைவு.

வக்கீலைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளும் உரிமை கிடையாது என்று 1992-ல் பூல்பாண்டி வழக்கில் தீர்ப்பானது. பிற்பாடு சில வழக்குகளில், கண்ணுக்குத் தெரியும், ஆனால் பேச்சு காதில் விழாத தூரத்தில் வக்கீல் இருக்க உச்ச நீதிமன்றம் அனுமதித்திருக்கிறது.

கைது வேறு விஷயம். 104-வது பிரிவின்படி, கமிஷனரின் உத்தரவால் அதிகாரம் பெற்ற அதிகாரி மட்டுமே, அதுவும் குற்றம் நடந்ததாக நம்பக் காரணம் இருந்தால்தான், கைது செய்யலாம். வெறும் சந்தேகம் போதாது. 2025 பிப்ரவரி 27-ல் ராதிகா அகர்வால் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை வலியுறுத்தியது. நம்பியதற்கான காரணம் எழுத்தில் பதிவாகியிருக்க வேண்டும் என்றது. கைதின் காரணத்தைக் கைதானவருக்குச் சொல்ல வேண்டும். குடும்பத்தாருக்குத் தகவல் போக வேண்டும். 24 மணி நேரத்துக்குள், பிரயாண நேரம் நீங்கலாக, மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோக வேண்டும். விசாரணையின் இடையே வக்கீலைச் சந்திக்கலாம். ஜி.எஸ்.டி. கைதுகளையும் அதே தீர்ப்பு பரிசீலித்தது என்பதால் நம் எல்லோருக்கும் அது பயன்படும்.

ஜாமீன் விஷயத்தில் தொகை முக்கியம். 50 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட தீர்வை ஏய்ப்பும், இதற்கென அறிவிக்கப்பட்ட தடை சரக்குகளும் ஜாமீனில் விட முடியாத குற்றங்களில் சேரும். அதற்குக் கீழ்ப்பட்ட சாதாரண வழக்குகளில் ஜாமீன் உரிமையாகவே கிடைக்கும்.

சரக்கைக் கைப்பற்றினால் மகஜரின் நகலைக் கேட்டு வாங்கி, தேதியைக் குறித்து வையுங்கள். அன்றிலிருந்து 6 மாதத்துக்குள் நோட்டீஸ் வர வேண்டும். காரணத்தை எழுதி மேலும் 6 மாதம் நீட்டிக்க மேலதிகாரிக்கு அதிகாரம் உண்டு, அந்த நீட்டிப்பும் முதல் கெடு முடிவதற்குள் நமக்குத் தெரிவிக்கப்பட வேண்டும். இரண்டும் இல்லையென்றால் சரக்கைத் திருப்பித் தரும்படி எழுதிக் கேட்கலாம். கெட்டுப்போகும் சரக்கானால் அதுவரை காத்திருக்காமல், 110-ஏ பிரிவின்படி பாண்டு எழுதிக் கொடுத்துத் தற்காலிகமாக விடுவிக்கக் கோரி உடனே மனுச் செய்யுங்கள்.