இருதயமும் அதன் பெருங்குழாய்களும்

நூல் இருப்பு ஏட்டில் தொடக்க இருப்பு ஐந்து சிப்பம். புதிய கொள்முதல் எதுவும் இல்லை. ஆனால் நாள்தோறும் ஐந்து சிப்பம் பட்டுவாடா ஆகியிருக்கிறது என்றால், தணிக்கைக்குச் செல்லும் எவரும் கொடுத்த சரக்கே திரும்ப வந்துகொண்டிருக்கிறது என்ற முடிவுக்குத்தான் வருவர். இங்கிலாந்து வைத்தியர் வில்லியம் ஹார்வி 1628-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இத்தகைய கணக்கு ஒன்றையே போட்டார். உணவிலிருந்து கல்லீரலில் இரத்தம் ஓயாமல் உண்டாகி, உறுப்புகளில் செலவழிந்துபோகிறது என்று அதுவரை ஐரோப்பிய வைத்தியர்கள் நம்பினர். இருதயம் அரை மணி நேரத்தில் தள்ளும் இரத்தம், உடலில் உள்ள மொத்த இரத்தத்தையும் விஞ்சுகிறது என்று ஹார்வி காட்டினார். ஆகவே அதே இரத்தம்தான் சுற்றி வருதல் வேண்டும். இன்றைய அளவைப்படி உடலில் இருப்பது ஏறத்தாழ 5 லிட்டர். நாம் வாளா அமர்ந்திருக்கும்பொழுதே இருதயம் நிமிஷத்திற்குச் சுமார் 72 தடவை சுருங்கி, தடவைக்கு 70 மில்லிலிட்டர் தள்ளுகிறது. அதாவது, முழு இருப்பும் ஒரே நிமிஷத்தில் பட்டுவாடா ஆகிவிடுகிறது!

மூடிய கையளவும் 300 கிராம் எடையும் உள்ள இத்தசை உறுப்பு, மார்பெலும்பின் பின்னால், இரு நுரையீரல்களுக்கும் நடுவே அமைந்துள்ளது. இதன் நுனி இடப்புறம் சாய்ந்திருக்கிறது. முழு இருதயமும் இடப்பக்கத்தில் உள்ளது என்று பலர் எண்ணுவது பிழை.

உள்ளே மேலறை இரண்டு, கீழறை இரண்டு. உடலெங்கும் உழைத்துத் திரும்பும் கருஞ்சிவப்பு இரத்தம், மேற்பெருஞ்சிரை, கீழ்ப்பெருஞ்சிரை என்னும் இரு குழாய்களின் வழியாக வலது மேலறையை அடைகிறது. வலது கீழறை அதனை நுரையீரல் தமனியில் தள்ளுகிறது. நுரையீரல்களில் கரியமில வாயுவை நீக்கிப் பிராணவாயுவைப் பெற்ற இரத்தம், நான்கு சிரைகளின் வழியே இடது மேலறைக்கு வந்து, இடது கீழறையில் இறங்கி, பெருந்தமனி வழியாக உடல் முழுவதும் செல்கிறது. வலது கீழறை பக்கத்து வயலுக்குப் பாய்ச்சுவது போன்றது. இடது கீழறையோ தலை முதல் கால்வரை அனுப்ப வேண்டும். அதனால் இடது கீழறையின் சுவர் மும்மடங்கு தடிப்பாக உள்ளது.

பம்பு செட்டு வைத்திருக்கும் அங்கத்தினர்கள் புட் வால்வை அறிவார்கள். இருதயத்திலும் அவ்வாறே ஒரு திசையில் மட்டும் திறக்கும் வால்வுகள் நான்கு உண்டு. மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள வால்வுகளின் இதழ்களை, அழுத்தத்தில் மேல்நோக்கிப் புரண்டுவிடாதபடி, உறுதியான இழைகள் கீழிருந்து பிடித்துக்கொள்கின்றன. பாவு இழையின் விறைப்பை அறிந்த நெசவாளருக்கு இந்த ஏற்பாட்டை விளக்க வேண்டியதில்லை.

இவ்வளவு இரத்தம் தன்னுள் பாய்ந்தும், இருதயத்தின் தடித்த தசை அதிலிருந்து நேரே எடுத்துக்கொள்ள இயலாது. பெருந்தமனி தொடங்கும் இடத்திலேயே, அதன் முதற் கிளைகளாக, வலமும் இடமுமாக இரு சிறு தமனிகள் பிரிந்து இருதயத்தின் மேல் படர்கின்றன. அவற்றின் உட்குறுக்களவு 3 அல்லது 4 மில்லிமீட்டர்தான். அவற்றின் உட்சுவரில் பல ஆண்டுகளாகக் கொழுப்புப் படிகிறது. ஒரு நாள் அப்படிவு வெடித்து, அங்கே இரத்தம் உறைந்து வழியை அடைத்துவிட்டால், அக்கிளையை நம்பிய தசை மடியத் தொடங்குகிறது. மடிந்த தசை மீண்டும் வளர்வதில்லை, தழும்பே எஞ்சும்.

ஒரு சங்கத்திற்கு நாம் தணிக்கைக்குச் சென்றிருந்த சமயம், நெசவாளர் ஒருவர் நடு மார்பில் பாரம் வைத்தாற்போல் இருக்கிறது என்றார். முகமெல்லாம் வியர்த்திருந்தது. வாயு என்று சோடா வாங்கிக் கொடுத்தார்கள். பட்டதாரியாகிய நாமும் அதை ஆமோதித்துவிட்டு ஏட்டைப் புரட்டிக்கொண்டிருந்தோம். மாலையில்தான் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசென்றனர். உயிர் தப்பினார், ஆயினும் பத்து நிமிஷம் தறி மிதித்தால் மூச்சு வாங்குகிறது.

நடு மார்பில் இறுக்கம், இடக்கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவும் வலி, காரணமற்ற வியர்வை ஆகியவை அடைப்பின் குறிகள். பெண்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் வலியே இன்றி மூச்சுத்திணறலும் களைப்பும் மட்டும் தோன்றுவதுண்டு. நோயாளியை நடக்கவோ சைக்கிள் மிதிக்கவோ விடாமல் அமர்த்தி, உடனே 108-ஐ அழைக்க வேண்டும். உறைவைக் கரைக்கும் மருந்தும், மணிக்கட்டின் வழியே மெல்லிய குழாய் செலுத்தி அடைப்பைத் திறக்கும் சிகிச்சையும் இன்று உண்டு. முதல் சில மணி நேரத்திற்குள் செய்தால்தான் அவற்றால் முழுப்பயன். ஈ.சி.ஜி. எடுக்கச் சில நிமிஷங்களே ஆகும். முதலில் எடுத்தது சரியாக இருந்தும் வலி நீடித்தால், மீண்டும் எடுக்கும்படி கேட்கத் தயங்கலாகாது.