ஐப்பசி இராச்சாப்பாடு: மாதவிடாய் நிற்கும் வயதில் இருப்பவர்களுக்கு

ஐப்பசி பிறப்பதை ஒட்டியே அக்டோபர் 18-ஆம் தேதி உலக மெனோபாஸ் நாள் வருகிறது. புரட்டாசி முடிந்து கறிக்கடை வாசலில் கூட்டம் கூடுவதும் இப்போதுதான். கார்த்திகை பிறந்தால் வீட்டில் யாராவது மாலை போட்டுவிடுவார்கள். கறிச்சட்டியை மறுபடி கவிழ்த்துவைக்க வேண்டியதுதான். நடுவில் இருக்கும் நாட்களிலும் சஷ்டி, அமாவாசை, வெள்ளி, செவ்வாய் கழித்தால் மிஞ்சுவது கொஞ்சம்தான். 45 வயதைத் தாண்டிய பெண்கள் அந்தக் கொஞ்ச நாட்களைத் தங்களுக்கென்று பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் மாதவிடாய் நிற்கிறது. மேலை நாடுகளில் அது 51. தொடர்ந்து 12 மாதம் வராமல் இருந்தால்தான் நின்றதாகக் கணக்கு. ஈஸ்ட்ரோஜன் குறையும்போது எலும்பு வேகமாகத் தேய்கிறது, தசை வற்றுகிறது, கொழுப்பு வயிற்றைச் சுற்றிச் சேர்கிறது. இந்த மூன்றுக்கும் காவிரி டெல்டாவின் வழக்கமான இராச்சாப்பாடு, அதாவது தட்டு நிறையச் சோறும் அதன்மேல் குழம்பும், உதவாது. 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 46 கிராம் புரதம் வேண்டும். 100 கிராம் அரிசியை வடித்தால் அதில் 7, 8 கிராம்தான் கிடைக்கும்.

பெண் பெரியவளானால் உளுந்தங்களி கிளறி, நல்லெண்ணெய் ஊற்றி, முட்டை கொடுத்து உடம்பைத் தேற்றுகிறோம். மாதவிடாய் நிற்கிறபோது அவளுக்கென்று யாரும் அடுப்பு மூட்டுவதில்லை. நடவுக்கோ களையெடுக்கவோ போய்விட்டு வந்து, சமைத்து, எல்லோருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் உட்காருகிறவளும் அவள்தான். அப்போது சட்டியில் கிடப்பது குழம்பும் இரண்டு உருளைக்கிழங்கும். கறியின் ருசி குழம்பில் இறங்கும், புரதம் அவ்வளவாக இறங்காது. ஆகவே, பரிமாறத் தொடங்கும் முன்பே உங்கள் பங்குத் துண்டுகளைத் தனிக் கிண்ணத்தில் எடுத்து மூடி வையுங்கள். கூச்சப்பட இதில் ஒன்றுமில்லை.

பன்றிக்கறி எல்லா வீட்டுக்கும் உரியதல்ல. சாப்பிடுகிற வீடுகளுக்கு இது நல்ல தேர்வு: கொழுப்பு நீக்கிய தொடைக்கறி 100 கிராமில் சுமார் 20 கிராம் புரதம் இருக்கிறது, பி1 வைட்டமின் மற்ற இறைச்சிகளைவிட அதிகம். மூலத்துக்குப் பன்றிக்கறி மருந்து என்று நம் பக்கம் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். நார்ச்சத்து இல்லாத கொழுப்புக்கறி மலச்சிக்கலைத்தான் கூட்டும்.

கொட்டிலில் தீவனம் போட்டு வளர்த்த வெண்பன்றிக் கறியாகக் கேட்டு வாங்குங்கள். தெருவில் மேய்ந்தது வேண்டாம். நாலு பேருக்கு அரைக் கிலோ போதும். மேல்கொழுப்பை வெட்டி எறிந்துவிட்டு, மஞ்சள், உப்பு, இஞ்சி பூண்டு விழுது போட்டுப் பிசறி, குக்கரில் 5, 6 விசில் விடுங்கள். இதை மத்தியானமே செய்துவிடுவது நல்லது. ஆறியதும் மூடிபோட்டுக் குளிர்பெட்டியில் வைத்தால், மாலைக்குள் கொழுப்பு மேலே உறைந்து நிற்கும். கரண்டியால் வழித்து எடுத்துவிடலாம். பிறகு ஒரு கரண்டி எண்ணெயில் சோம்பு, நிறையச் சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, தேங்காய்ப்பல் வதக்கி, கறியையும் அதன் சாற்றையும் சேர்த்து நன்றாகக் கொதிக்கவிட்டுச் சுண்டவிடுங்கள். மிளகுதான் இதற்கு ருசி, மழைக்கும் இதம். ஆனால் காரம் சிலருக்கு முகத்தில் அனலைக் கிளப்பிவிடும். உங்களுக்கு அப்படியானால் மிளகைப் பாதியாக்குங்கள். குடும்பம் வேண்டுமென்றால் தூவிக்கொள்ளட்டும்.

கறி உள்வரை வேக வேண்டும், சிவப்புத் தெரியக் கூடாது. அரைவேக்காட்டில் நாடாப்புழு குடலுக்குள் போகும். வலிப்பை உண்டாக்கும் மூளைக்கட்டி வேறு வழியாக வருகிறது. புழு உள்ள மனிதரின் மலத்தில் வெளிவரும் முட்டைகள் தண்ணீரிலும் பச்சைக்காய்கறியிலும் ஒட்டி நம் வாய்க்குள் போவதால் வருவது அது. சைவக்காரர்களும் தப்ப முடியாது. வாய்க்கால் தண்ணீர் ததும்பும் இந்த மாதத்தில் கீரையைப் பலமுறை அலசுங்கள், வேகவைத்தே சாப்பிடுங்கள்.

தட்டை இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: 5, 6 துண்டு கறி, அதற்குச் சமமாக முருங்கைக்கீரைப் பொரியல், கொள்ளு ரசம், சோறு ஒரு கரண்டி. மாப்பிள்ளைச் சம்பா வடித்தால் நல்லது, இல்லாவிட்டாலும் மோசமில்லை, அளவுதான் முக்கியம். ஏழரை மணிக்குள் சாப்பிட்டுவிடுங்கள். சீரியல் காத்திருக்கும். வயிறு கனத்துப் படுத்தால் நடுராத்திரி வியர்த்து எழுவது சிலருக்குக் கூடும்.

பன்றி ஆகாத வீட்டில் விரால், கெண்டை, இல்லாவிட்டால் முட்டை. முள்ளோடு மெல்லும் நெத்திலியில் கால்சியமும் சேர்ந்து கிடைக்கும். கருவாடு உப்பு மிகுந்தது, இரத்த அழுத்தக்காரர்களுக்கு வேண்டாம். அசைவமே தொடாதவர்கள் கொள்ளையும் உளுந்தையும் தினப்படி ஆக்குங்கள். அந்த உளுந்தங்களியை உங்களுக்காகவும் ஒரு நாள் கிளறுங்கள், கருப்பட்டியைக் குறைத்து.

மாதவிடாய் நின்ற பிறகு ஐ.சி.எம்.ஆர். சொல்லும் கால்சியம் ஒரு நாளைக்கு 1,200 மில்லிகிராம். ஒரு டம்ளர் பாலில் 240 கிடைக்கும். கேழ்வரகும் எள்ளும் மீதிக்குக் கைகொடுக்கும். எள்ளில் இருக்கும் கால்சியம் நல்லெண்ணெயில் வராது, எள்ளாகவே பொடித்துச் சாப்பிடுங்கள். இன்னும் நிற்காமல் பெரும்போக்காகப் போகிறவர்களுக்கு இரும்புச்சத்துதான் முதல் கவலை. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் இரத்தசோகை. சாப்பிட்ட கையோடு டிகிரி காபி குடித்தால் இரும்பு உடம்பில் சரியாக ஏறாது. கும்பகோணத்துக்காரர்கள் கோபித்துக்கொள்ளலாம், ஒரு மணி நேரம் பொறுங்கள்.

இந்தப் பருவத்தில் ஒரு குழப்பம் வரும். உடம்பு அனலாகக் கொதிப்பதை மெனோபாஸ் என்று நினைத்து டெங்குவையும் எலிக்காய்ச்சலையும் விட்டுவிடுகிறார்கள். சேற்றில் இறங்கி வேலை செய்கிறவர்களுக்கு எலிக்காய்ச்சல் எளிதில் தொற்றும். மெனோபாஸ் அனல் சில நிமிடங்களில் அடங்கிவிடும், தெர்மாமீட்டரில் காய்ச்சலாகக் காட்டாது. காட்டினால் உடனே மருத்துவரிடம் போங்கள். சிறுநீரகக் கோளாறோ யூரிக் அமிலத் தொல்லையோ இருப்பவர்கள் கறியின் அளவை மருத்துவரைக் கேட்டு முடிவு செய்யுங்கள். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் தன்னார்வலர் வீட்டுக்கு வரும்போது, மாமியாருக்கு மட்டும் பார்க்கச் சொல்லாமல் உங்கள் கையையும் நீட்டி அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு வருடம் நின்றுபோன பிறகு ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும், ‘சூட்டினால் வந்தது’ என்று வெந்தயம் ஊறவைத்துக்கொண்டு உட்காராதீர்கள். அது கர்ப்பப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறியாகவும் இருக்கலாம். தஞ்சாவூர் ராசா மிராசுதார் மருத்துவமனைக்கோ பக்கத்து அரசு மருத்துவமனைக்கோ அந்த வாரமே போய்க் காட்டுங்கள்.